கெடாவில் எல்லோருடைய ரெஸுமேயிலும் என் வெள்ளிக்கிழமை

1

விருதுநகரில் இளைஞர்களுக்காக ஒரு சிறு மாத இதழ் நடத்தும் என் பள்ளித் தோழன் போன வாரம் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தான். "மாப்ள, கம்ப்யூட்டர் வேலைக்கு ரெஸுமே எழுதுறது எப்படின்னு ஒரு கட்டுரை குடுடா. நாங்க சொன்னா நம்ம பயலுக கொட்டாவி விடுறானுக. மலேசியாவுல பெரிய கம்பெனியில இருக்குற நீ சொன்னா கேப்பானுக."

அந்தப் பெரிய கம்பெனியில் நான் இப்போது இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் நகரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை எங்கள் பிரிவையே மூடி வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். எங்களை வழியனுப்புகிற கேக் என்று தெரிந்தும் நான் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன். நன்றாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேலை போனவனிடம் வேலை வாங்குவது எப்படி என்று கேட்பது, கீழே விழுந்து கிடப்பவனிடம் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று கேட்பது போல. ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. சுங்கை பட்டாணியில், நாங்கள் குடியிருக்கும் பாக்கார் ஆராங் பகுதியில், என் பெயரே 'ரெஸுமே அண்ணே'தான். அந்தப் பெயர் எப்படி வந்தது, அது என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதைத்தான் அறிவுரை என்ற பெயரில் எழுதப்போகிறேன். மாப்ள, கட்டுரை நீண்டுவிட்டால் நீயே வெட்டிக்கொள்.

2

முதல் அறிவுரை: செய்யாததை எழுதாதே.

என் முதல் பயோடேட்டா விருதுநகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் பிறந்தது. கடைக்காரர் யாரோ ஒருவருடைய பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றினார். அப்பா பெயர், ரத்த வகை, உயரம், 'மேற்சொன்னவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' எல்லாம் வந்தன. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'நீச்சல்' என்று இருந்தது. "இருக்கட்டும் தம்பி, நல்லாத்தான இருக்கு," என்றார். எங்கள் ஊரில் தண்ணீர் லாரியில்தான் வரும். இருந்தாலும் நல்லாத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

அந்தத் தாளோடுதான் கெடாவுக்கு வந்தேன். வந்த புதிதில் அலுவலக ஆட்கள் எல்லோரையும் தஞ்சோங் டாவாய்க்கு அழைத்துப் போனார்கள். மெர்போக் ஆறு கடலில் விழும் இடத்தில் இருக்கும் மீனவ ஊர். படகில் ஏறும்போது மிதவை அங்கி ஒன்று குறைந்தது. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்து, "நீதான் நீச்சல்காரனாயிற்றே, உனக்கு எதற்கு?" என்று என்னுடையதைக் கழற்றி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஆள் சேர்க்கும்போது என் தாளை அவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார், பாவம். போகவும் வரவும் பலகையைக் கட்டிப்பிடித்தபடி, மேற்சொன்னவை யாவும் உண்மை என்று நான் உறுதி கூறியதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

3

இரண்டாவது அறிவுரை: தெரிந்த கணினி மொழிகளையெல்லாம் கல்யாணப் பந்தி போலப் பரிமாறாதே. எது பழுதானது, நீ என்ன செய்தாய், அதனால் என்ன மாறியது என்று ஒரே வரியில் சொல். படிக்கிறவர் அந்த வரியில்தான் நிற்பார்.

என்னிடம் அப்படிப்பட்ட வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கெடாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. எங்கள் தொழிற்சாலைக்குச் சனி, ஞாயிறு. ஆகவே வெள்ளிக்கிழமை வேலை நடக்கும். மதியத் தொழுகைக்காக ஆண்கள் போய்வர நீண்ட இடைவேளை விடுவார்கள். அந்த இடைவேளை முடிந்ததும் சோதனைக்குப் போகும் முதல் தொகுதி சர்க்யூட் போர்டுகள் வாராவாரம் மொத்தமாகத் தோற்றன. நல்ல போர்டுகள் குப்பைக்குப் போயின. எல்லோரும் போர்டைத் திட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தேன். ஆளில்லாமல் நின்ற சோதனை இயந்திரத்தின் திரை ஒருமுறை இமைத்ததைப் பார்த்தேன். நெடுநேரம் சும்மா இருந்ததால் சர்வரோடு இருந்த இணைப்பைத் தானாகவே அறுத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் திரும்பி வந்து போர்டை வைத்ததும், பதில் வராததையெல்லாம் 'தோல்வி' என்று எழுதியது. நிரலில் சில வரிகளை மாற்றினேன். குப்பைத் தொட்டி காலியானது. என் உத்தியோக வாழ்க்கையில் நான் வென்றது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். அதிலும் பாதிப் பெருமை நாசி லெமாக்குக்கு.

எங்கள் வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலைந்தார்கள். முதலில் வந்தவன் லோகன். திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். எஸ்டேட் வீடுகளை இடித்தபோது அம்மா பார்வதி அக்காவோடு பாக்கார் ஆராங்குக்கு வந்தவன். பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு கைப்பேசிக் கடையில் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நாப்பது எடத்துக்குப் போட்டேன், ஒரு போன் வரல லா. என் சூராட்ல என்னா கொறன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

முச்சந்தியில், மாமாக் கடை என்று இங்கே சொல்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தேத்தாரேக் டீ ஆறுவதற்குள் அவன் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை; ஒன்றுமே இல்லை. எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக என் ரெஸுமேயையே மாதிரியாக அனுப்பினேன். "இதப் பாத்து ஒன்னோடத எழுது. நான் செஞ்சத எடுத்துட்டு நீ செஞ்சதப் போடு," என்றேன்.

லோகன் என் பெயரை எடுத்தான். அவன் பெயரைப் போட்டான். அதோடு சரி. வெள்ளிக்கிழமை அப்படியே இருந்தது. சுங்கை பட்டாணியிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"என்னாடா இது, என் கதையப் போட்டுருக்க?"

"நீங்கதானண்ணே குடுத்தீங்க?" என்று அவன் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியவில்லை. கொடுத்த சட்டையில் கொடுத்தவன் பெயர் தைத்திருந்தால் யாராவது போடாமல் இருப்பார்களா? நானும் பிரவுசிங் சென்டரில் வாங்கிய நீச்சலோடு வந்தவன்தானே. மைசூர்பாகு வேறு நன்றாக இருந்தது.

லோகனுக்கு வேலை கிடைத்த செய்தி கோயில் வாட்ஸப் குழுவில் போனது. செய்தியோடு என் கோப்பும் போனது. அதற்குப் பிறகுதான் நான் ரெஸுமே அண்ணே ஆனேன். சனிக்கிழமைகளில் மாமாக் கடையில் எனக்கென்று ஒரு மேசை. நான் எவ்வளவு தொண்டை வறளச் சொன்னாலும் பிள்ளைகள் பெயரை மட்டும்தான் மாற்றினார்கள். ஒருவன் அதையும் மறந்துவிட்டான். என் பெயரிலேயே போட்டு, நேர்காணலுக்கு வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அப்போது எனக்கு வேலை இருந்தது.

4

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். இங்கே நான் தங்குவதற்கான பாஸ் என் வேலையின் வால். மனைவி செல்வியும் மகள் கயலும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்கள். வேலை போனால் வால் போகும். கொஞ்ச நாள் அவகாசம் தருவார்கள், அவ்வளவுதான்.

எங்களுக்குத் தந்த அவகாசம் கயலின் எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்பே முடிகிறது. பள்ளிப் படிப்பின் முடிவில் இங்கே எழுதும் அரசுத் தேர்வு அது. அதை எழுதாமல் போனால் அவள் கையில் இந்த நாட்டுச் சான்றிதழும் இருக்காது, அந்த நாட்டுச் சான்றிதழும் இருக்காது. இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. மலாயில் கணக்குப் போடுவாள், ஆங்கிலத்தில் கோபப்படுவாள், பசிக்கும்போது மட்டும் சுத்தத் தமிழ். விருதுநகரில் போன விடுமுறையில் பரோட்டா கடைக்காரரிடம் "அண்ணே, ரெண்டு புங்குஸ்" என்று கேட்டுவிட்டு, அவர் ஏன் முழிக்கிறார் என்று என்னைப் பார்த்தவள். பொட்டலம் கட்டச் சொல்கிறாள் என்று நான்தான் மொழிபெயர்த்தேன்.

அவளுக்கு வெள்ளி, சனி விடுமுறை. எனக்குச் சனி, ஞாயிறு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். அதை நான் மாமாக் கடையில் ஊரார் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன். வேலை போன பிறகுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவளோடு வீட்டில் உட்கார்ந்தேன். என் ரெஸுமேயை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, போட்டோ எடுத்துருங்க. தாத்தா பேர எடுத்துருங்க. இந்த உறுதி கூறுகிறேன், அலாமாக், கோர்ட்டா இது? ரெண்டு பக்கம் போதும் லா. வேல விளம்பரத்துல என்னா கேட்டுருக்காங்களோ அது மேல வரணும்."

"சரிங்க மேடம்."

"இதெல்லாம் எடுத்துட்டா ஒன்னுமே இல்லியேப்பா. இதுல உங்களக் காணோம்."

"நான் எங்கம்மா போனேன்?"

"அதான் கேக்குறேன். டெய்லி கெரேட்டா எடுத்துட்டுப் போவீங்க, வருவீங்க. நடுவுல என்னாதான் செஞ்சீங்க?"

கெரேட்டா என்றால் கார். கிண்டலாகத்தான் கேட்டாள். பதினாறு ஆண்டுகளில் அவள் இதைக் கேட்பது முதல் தடவை, நானும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன், நாசி லெமாக்கோடு சேர்த்து. கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "கூல் லா அப்பா," என்றாள். கடைசிப் பக்கத்தில் புதைந்து கிடந்த அந்த வரியை எடுத்து முதல் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்தாள்.

5

விண்ணப்பித்த இடங்களில் ஒன்றே ஒன்று கூப்பிட்டது. லோகன் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலை. வெளிநாட்டு ஆளுக்குப் பாஸ் எடுத்துத் தரவும் தயார் என்றார்கள். செல்வி பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டாள். நான் நாற்பத்தாறு வயதில் தலைக்குச் சாயம் அடித்தேன். கயல் பார்த்துவிட்டு, "அப்பா, தலைக்கு மட்டும் எஸ்.பி.எம். வயசு," என்றாள்.

நேர்காணல் செய்தவர் ஒரு சீனப் பெண்மணி. மிகவும் மரியாதையானவர். என் தாளின் உச்சி வரியைப் படித்தார். புன்னகைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து சில தாள்களை எடுத்து வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் மஞ்சள் கோடு. எல்லாம் என் வெள்ளிக்கிழமை.

"இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்," என்றார் ஆங்கிலத்தில். "அதை முதலில் எழுதி வந்தவர் எங்களிடமே இருக்கிறார். நன்றாக வேலை செய்கிறார். நீங்கள் எந்த வாட்ஸப் குழுவில் எடுத்தீர்கள்?"

அது என்னுடையது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அடுத்த வாக்கியம் லோகனைப் பற்றியதாக இருக்கும். பொய்யான தகவல் தந்தவரை அவர்கள் ஒரு நாளும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கும். நான் வாயைத் திறந்தேன். நான் கண்டுபிடித்தது உண்மை என்று மட்டும் சொன்னேன். மற்றவர்களைப் பற்றித் தெரியாது என்றேன்.

"யாராவது உறுதி செய்ய முடியுமா?"

என் பழைய சூப்பர்வைசர் இறந்துவிட்டார். பிரிவே இல்லை. நிறுவனம் கொடுத்த கடிதத்தில் சேர்ந்த நாள், விலகிய நாள் தவிர ஒன்றும் இல்லை. இயந்திரத்தைப் பற்றி விளக்கினேன். தலையசைத்துக் கேட்டார். ஆனால் அந்த விளக்கத்தையும் நான் மாமாக் கடையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேனே, நேர்காணலில் கேட்டால் திணறக் கூடாதென்று. அவர் ஏற்கெனவே பலமுறை கேட்ட கதை. இயந்திரத்தின் திரை இமைத்ததுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

"இந்த வாரத்துக்குள் யாராவது உறுதி செய்தால் சொல்லுங்கள்," என்று எழுந்து கை கொடுத்தார்.

6

"லோகன் ஒரு வார்த்த சொன்னாப் போதும்," என்றாள் செல்வி. "அவனுக்கு வேல வாங்கிக் குடுத்ததே நீங்க. நீங்க கேக்கலைன்னா நான் போய்க் கேக்குறேன். எம்புள்ள பரீச்சை எழுதணும்."

அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. கேட்பதற்காகத்தான் போனேன்.

லோகன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முகம் சரியில்லை. பார்வதி அக்கா, "வாங்க தம்பி, உள்ள வாங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தேநீர் போடப் போனார். எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டி, அப்புறம் கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்று முழங்கால் போனவர். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். மகனுக்கு வேலை கிடைத்த பிறகுதான் வேலையை விட்டார்.

"அண்ணே, மேடம் என்னியக் கூப்ட்டுக் கேட்டாங்க," என்று லோகன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அந்த ஆளத் தெரியுமான்னு. பக்கத்து வீடுன்னேன். வேற ஒன்னும் சொல்லல."

"ம்."

"நாளைக்குப் போய்ச் சொல்லிர்றேண்ணே. எல்லாம் அண்ணனோடதுன்னு. கெர்ஜா போனாப் போவுது. வேல இல்லாட்டித் திரும்பக் கண்ணாடி மாத்துவேன்."

"ஒன்னைய நிப்பாட்டிட்டு என்னைய எடுப்பாங்கன்னு நெனக்கிறியா? ஊர் பூரா மாதிரி குடுத்தவன் நான்தான்னு தெரிஞ்சா, என்னைய வாட்ச்மேனாக்கூட வைக்க மாட்டாங்க."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் சொன்னது பாதி வேடிக்கை, பாதி கணக்கு. அவன் சொன்னால் எனக்கு வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவனுக்குப் போவது மட்டும் நிச்சயம். பார்வதி அக்கா தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"வேணாம்டா, விடு," என்றேன்.

அவன் மறுபடியும் வற்புறுத்தவில்லை. அவன் வற்புறுத்தக் கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். இன்னொருமுறை சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். செல்வி என்னோடு பேசவில்லை. வாரம் முடிந்தது. தொழிற்சாலையிலிருந்து மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது.

7

கயல் மட்டும் மாணவர் பாஸில் தங்கித் தேர்வு எழுத வழி உண்டென்று பள்ளியில் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: இந்நாட்டுக் குடிமகன் ஒருவர் 'பெஞ்சாமின்' ஆக வேண்டும், நிரந்தர வேலையும் சம்பளச் சீட்டும் உள்ளவராக. பெஞ்சாமின் என்றதும் சர்ச் ஆள் யாரையோ தேடச் சொல்கிறார்கள் என்று செல்வி நினைத்தாள். ஜாமீன் நிற்பவர் என்று சொன்னேன். "லோகன்கிட்ட சம்பளச் சீட்டு இருக்கு," என்றாள். பல நாட்களுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

லோகன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். கயலையும் கூட்டிக்கொண்டு குடிநுழைவு அலுவலகம் போய், எண் வாங்கி உட்கார்ந்தோம். பாரம் நிரப்புவது பழக்கப்படி என் வேலை. நான் பென்சிலால் மாதிரி எழுதிக் கொடுத்தேன். அவன் அதன்மேல் பேனாவால் எழுத வேண்டும். பெயர், முகவரி, வேலை. மாணவிக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'குடும்ப நண்பர்' என்று மலாயில் எழுதியிருந்தேன்.

அந்த இடத்தில் பேனா நின்றது. பென்சில் எழுத்தை ரப்பரால் தேய்த்தான். 'அபாங்' என்று எழுதினான். அண்ணன்.

"டேய், மாதிரியப் பாத்து எழுதுடா."

"நீங்கதானண்ணே சொந்தமா எழுதச் சொல்வீங்க," என்றான் தலை நிமிராமல்.

கயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முகப்பில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். சம்பளச் சீட்டைப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். இஞ்சினியர் என்றான் லோகன். முன்பெல்லாம் இந்தச் சொல்லைச் சொல்லும்போது என் பக்கம் பார்ப்பான். இப்போது பார்க்கவில்லை. அதிகாரியின் விரல் 'அபாங்' மேல் வந்து நின்றது. இரண்டு பேருடைய அப்பா பெயரையும் ஒப்பிட்டார். ரத்த உறவா என்று கேட்டார். இல்லை என்று சொன்னோம். அப்படியானால் இது செல்லாது, மன்னியுங்கள் என்று கோடு போட்டு அடித்தார். எழுத வேண்டியதை அவரே மலாயில் சொன்னார். குடும்ப நண்பர்.

கெடாவில் நான் மாதிரி கொடுத்த எத்தனையோ பேரில், மாதிரியை அழித்துவிட்டுச் சொந்தமாக ஒரு சொல்லை எழுதியவன் அவன் ஒருவன்தான். அதை அடித்துவிட்டு, நான் எழுதியதையே பார்த்து எழுத வைத்தார்கள். எழுதினான். முத்திரை விழுந்தது.

தேர்வு முடியும் வரை கயல் பார்வதி அக்கா வீட்டில் இருப்பாள். செல்வியும் நானும் அடுத்த வாரம் கிளம்புகிறோம். போகும் முன் கயல் என் ரெஸுமேயைத் திருத்தித் தந்திருக்கிறாள். உச்சி வரியை எடுத்துவிட்டாள். அந்த வரி இப்போது லோகன் வழியாக அவளுக்குச் சோறு போடப்போகிறது. இரண்டு பேர் வைத்திருந்தால் சிக்கல் என்றாள். அந்த இடம் காலியாக இருக்கிறது, மாப்ள. ஊருக்கு வந்து நிரப்புகிறேன். நீச்சல் என்று மட்டும் எழுத மாட்டேன்.